கார் விலை இறங்கும், ஸ்பேர் விலை இறங்காது

பழைய போர்ஷே ஒன்று புது இன்னோவாவைவிடக் கம்மி விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டு அவ்வப்போது யாராவது கடைக்கு வந்து நிற்கிறார்கள். நான் கும்பகோணத்தில் டிராக்டருக்கும் அறுவடை மெஷினுக்கும் ஸ்பேர்ஸ் விற்பவன். என்னிடம் 2004 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் எஸ் ஒன்று இருப்பதால் இந்தக் கேள்விக்கு நான்தான் ஆள் என்று ஊரில் முடிவாகிவிட்டது. வாங்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் யாரையும் திருப்பி அனுப்பியதும் இல்லை. கார் பழசாகப் பழசாக அதன் விலை இறங்கும், அதன் ஸ்பேர் விலை ஒரு ரூபாய்கூட இறங்காது.

டிராக்டர் என்றால் வழி இருக்கிறது. முப்பது வருஷப் பழைய மாடலுக்கும் லூதியானாவில் யாராவது பாகம் செய்துகொண்டுதான் இருப்பார்கள். கம்பெனி ஐட்டம், அடுத்த தரம், அதற்கும் அடுத்த தரம் என்று மூன்று விலை சொல்லலாம். விவசாயி கையில் இருக்கிற காசுக்குத் தகுந்ததை எடுத்துக்கொண்டு போய் நடவுக்கு முன்னால் வண்டியை வயலில் இறக்கிவிடுவார். இந்தக் காருக்கு அப்படி ஒரு இறக்கம் கிடையாது. புதிதாக வந்தபோது ஷோரூமில் வாங்கியவரை மனதில் வைத்து நிர்ணயித்த விலைதான் பாகத்துக்கு இன்றும் விலை, அதுவும் வருஷாவருஷம் ஏறிக்கொண்டே போகும். நான் மூன்றாவது கையாக மலிவாக வாங்கினேன் என்பதற்காகக் கிளட்ச் பிளேட் மலிவாக வராது. அதனால் பெரிய ரிப்பேர் ஒன்று வந்தால் பில் காரின் இன்றைய மதிப்பில் கால் பங்கு, சமயத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று வந்து நிற்கும். இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது செலவு. தெரியாமல் வந்தால் குடும்பத்தில் சண்டை.

எனக்கு இரண்டு செலவுகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது மழையால்.

ஐப்பசி, கார்த்திகை மழை நம் பக்கம் எப்படிப் பெய்யும் என்று சொல்லவே வேண்டாம். பாக்ஸ்டருக்குத் துணிக்கூரை. அதன் மேல் விழுகிற தண்ணீர் பின்பக்கம் இரண்டு மூலையிலும் இருக்கிற வடிகுழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியே போக வேண்டும். அந்தக் குழாய்க்குள் சருகும் மண்ணும் மக்கி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பி, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, சீட்டுக்குக் கீழே தேங்கும். சென்ட்ரல் லாக், அலாரம், சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் மூன்றையும் பார்த்துக்கொள்ளும் கண்ட்ரோல் யூனிட் இந்த மாடலில் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. ஒரு நாள் நள்ளிரவில் மழைக்கு நடுவே அலாரம் தானாக அலறியது, தெருவே எழுந்துவிட்டது. காலையில் கண்ணாடி தானாக இறங்கியிருந்தது. சாவியைத் திருகினால் டேஷ்போர்டு விளக்கு எரிகிறது, இன்ஜின் அசையவே இல்லை.

ஃப்ளாட்பெட் லாரியில் ஏற்றி ஒரு பெரிய ஊர் வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். அங்கிருந்து வந்த எஸ்டிமேட்டில் முதல் வரியே வயரிங் ஹார்னஸ் முழுசும் மாற்ற வேண்டும் என்பது. அதற்குக் கீழே புது கண்ட்ரோல் யூனிட், புது சாவிகள், கோடிங் சார்ஜ். எந்த இடத்தில் வோல்டேஜ் பார்த்தீர்கள், எந்த வயரில் தொடர்பு அறுந்திருக்கிறது என்று போனில் கேட்டேன். "சார், இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் அப்படித்தான் பண்ணுவோம்" என்பதுதான் பதில். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஒரு வயரைக்கூடச் சோதிக்காமல் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்வது வேலை தெரியாததன் அடையாளம், வண்டி பெயரைப் பார்த்து விலை போடுவதன் அடையாளம். நம் ஊர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் யாரும் ஒரு டெஸ்ட் லேம்ப்கூட வைத்துப் பார்க்காமல் இப்படிச் சொல்ல மாட்டார். வண்டியை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

சர்க்யூட் போர்டு வேலை பார்க்கிற ஒருவரிடம் அந்த யூனிட்டை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். மூடியைத் திறந்து லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்டினார். கனெக்டர் பக்கம் இருந்த பின்கள் நாலைந்தின் அடியில் பச்சையாகப் பூத்துப்போயிருந்தது, ஒரு செம்புத் தடம் அரித்து முடி அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது, மற்ற இடமெல்லாம் சுத்தம். சாவியின் தகவல்கள் பதிந்திருக்கிற சின்ன சிப் நல்லபடியாக இருந்தது. அந்தத் தகவலைப் படித்து எடுத்து, பழைய கார் ஒன்றிலிருந்து வந்த அதே எண் யூனிட்டில் ஏற்றிக் கொடுத்தார். பழைய சாவியிலேயே வண்டி ஸ்டார்ட் ஆனது. புது யூனிட், புது சாவி எதுவும் தேவைப்படவில்லை. செலவு என்று பார்த்தால் அதுவும் நல்ல தொகைதான், ஆனால் அந்த எஸ்டிமேட்டின் பக்கத்தில்கூட வராது. பெரிய தொகை சொல்லும் எஸ்டிமேட் கைக்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எதைச் சோதித்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதுதான். பதில் இருந்தால் தொகையைப் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

இரண்டாவது செலவு இப்படித் தப்பிக்கிற வகை இல்லை. தஞ்சாவூர் திருச்சி நாலுவழிச் சாலையில் ஆறாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஆர்பிஎம் முள் மட்டும் மேலே ஓடுகிறது, வேகம் கூடவில்லை. கிளட்ச் தேய்ந்துவிட்டது. இருபது வருஷ வண்டிக்கு இது குறையே இல்லை, தேய்வதற்கென்றே இருக்கிற பாகம். ஆனால் பாக்ஸ்டரில் கிளட்ச் மாற்றுவது என்றால் என்ன என்று தெரிய வேண்டும். இன்ஜின் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, சீட்டுக்கு முதுகுப்பக்கம் நடுவில் இருக்கிறது. திறந்து பார்க்கப் பானெட் கிடையாது. முன்னால் திறந்தால் பெட்டி வைக்கிற இடம், பின்னால் திறந்தாலும் பெட்டி வைக்கிற இடம், ஆயில் ஊற்றும் வாயும் கூலன்ட் மூடியும் மட்டும் பின் டிக்கியில் எட்டிப் பார்க்கும். இன்ஜினை மேலிருந்து பார்க்க வேண்டுமானால் கூரையைப் பாதியில் நிறுத்தி, கார்பெட்டை எடுத்து, அடியில் இருக்கிற தகட்டைக் கழற்ற வேண்டும். கிளட்சுக்கோ வண்டியை லிஃப்டில் ஏற்றி, கீழிருந்து கியர்பாக்ஸையே இறக்கியாக வேண்டும்.

இறக்கியதும் கிளட்சோடு நிற்க முடியாது. ஃப்ளைவீலைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று பிஸ்டன்கள் சுற்றுகிற கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல், கசிவதற்குப் பேர்போனது. இன்னொன்று, இந்த இன்ஜின் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த இன்டர்மீடியேட் ஷாஃப்ட் பேரிங். கிராங்க் ஷாஃப்ட் செயின் போட்டு இந்த நடு ஷாஃப்டைச் சுற்றும், அது தன் இரண்டு முனையிலிருந்தும் செயின் வழியாக, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்டுகளைச் சுற்றும். ஏர்கூல்டு காலத்து இன்ஜின்களில் இந்த ஷாஃப்ட் ஆயில் அழுத்தத்தில் மிதக்கிற சாதாரண புஷ் பேரிங்கில் ஓடியது. பாக்ஸ்டரோடு வந்த எம்96 இன்ஜினில் சீல் வைத்த பால் பேரிங் போட்டார்கள். சீல் தளர்ந்தால் இன்ஜின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிவிடும், குண்டுகள் தேயும், கடைசியில் பேரிங் உடைந்தால் டைமிங் தவறி வால்வும் பிஸ்டனும் மோதும். அதற்கு மேல் ரிப்பேர் என்ற பேச்சுக்கு இடமில்லை, இன்ஜினே போய்விடும். ஆரம்பகால மாடல்களில் இரட்டை வரிசை குண்டு இருந்தது, 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், 2006 மாடல் வாக்கில் பெரிய பேரிங் வந்தது, 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்த நடு ஷாஃப்டையே எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக வழக்கே நடந்து சமரசத்தில் முடிந்தது. என்னுடையது 2004, ஒற்றை வரிசை.

அந்த பேரிங் கைக்குள் அடங்கும். அதன் விலையைவிட அதை எட்டிப் பிடிக்கக் கொடுக்கிற கூலிதான் பெரிது. கியர்பாக்ஸ் ஏற்கெனவே கீழே கிடக்கும்போது அதை மாற்றாமல் மூடினால் அடுத்த தடவை அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டும். ஆகவே கிளட்ச், இரட்டை ஃப்ளைவீல், ஆயில் சீல், பேரிங், கூடவே எரிபொருள் ரப்பர் ஹோஸ்கள் என்று சேர்த்துக்கொண்டே போனதில் கணக்கு ஆறு லட்சத்தில் நின்றது.

ஆறு லட்சம் என்பது நம் பக்கத்தில் என்ன என்று சொல்கிறேன். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். ஆறு லட்சத்துக்கு 240 குவிண்டால், கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பமாக எண்ணினால் 600 சிப்பம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பி விடப்பட்டு, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ரோட்டோரம் காத்துக் கிடக்கிற நெல்லை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்பா அந்த எஸ்டிமேட்டைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "அறுநூறு மூட்டையாடா தம்பி?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது. என் கடைக்கு வருகிறவர்கள் அறுவடை மெஷினுக்கு ஒரு பெல்ட் வாங்க ஆயிரம் முறை யோசிக்கிறார்கள், அவர்களுக்கு அந்த மெஷின் சம்பாதித்துக் கொடுக்கும். என் கார் சம்பாதிக்காது. அதனால் அதற்கான காசு வயல் வருமானத்திலிருந்தோ பிள்ளைகளின் படிப்பிலிருந்தோ கடை முதலிலிருந்தோ வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து அதற்கென்று தனிக் கணக்கில் மாதாமாதம் போட்டு வந்த பணம் இருந்தது, அதிலிருந்துதான் எடுத்தேன். அது இல்லாதிருந்தால் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்தியிருப்பேன், கடன் வாங்கியிருக்க மாட்டேன். இன்சூரன்ஸ் கொடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் சாதாரண மோட்டார் பாலிசியில் காசு வராது.

விற்றுவிடலாமே என்றார்கள் பலர். கிளட்ச் போன நிலையில் விற்றால் வாங்குகிறவர் பில்லைப்போல் இரண்டு மடங்கு விலையில் கழிப்பார், அல்லது விஷயம் தெரியாத ஒருவர் தலையில் கட்ட வேண்டும். இரண்டும் எனக்கு ஒப்பாது. அதோடு எனக்கு இந்தக் கார் பிடிக்கும், அதை ஏன் மறைக்க வேண்டும்? விடியற்காலையில் கூரையை இறக்கிவிட்டுப் போகும்போது, ஆறு சிலிண்டரும் மூன்று மூன்றாகப் படுத்துக்கிடக்கிற அந்த இன்ஜின் நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டினதும் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் எடுக்கும் பாருங்கள், அதை வேறு எந்த வண்டியிலும் நான் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நொடித்துப்போகிற நிலையில் இருந்த கம்பெனியை 1996-ல் வந்து தூக்கி நிறுத்தியது இந்த மாடல்தான். முதலில் வந்தபோது முன்பக்கமும் கதவும் பெரியண்ணனான போர்ஷே 911-க்கும் இதற்கும் பொது. அதனால் ஸ்பேர் தேடும்போது அந்தக் காலத்து 911-ன் கம்பெனி எண்ணான 996 என்று ஆரம்பிக்கிற பாக எண்களையும் சேர்த்துத் தேடுங்கள், பல பாகம் அதில்தான் கிடைக்கும்.

ஸ்பேர் தேடுவது என் தொழில் என்பதால் இதை விவரமாகச் சொல்கிறேன். கார் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. கிளட்ச் சாக்ஸ் செய்தது, சென்சார் பாஷ், ஃபில்டர் மாலே, இப்படிப் போகும். கார் கம்பெனி டப்பாவில் வந்தால் ஒரு விலை, செய்தவர் பெயர் போட்ட டப்பாவில் வந்தால் இன்னொரு விலை, உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சரக்கு. பழைய பாகத்தைக் கழற்றியதும் துடைத்து அதில் யார் முத்திரை இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுவது என் வழக்கம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பாகத்தின் விலையோடு கூரியர், கஸ்டம்ஸ் டூட்டி, வரி எல்லாம் சேரும், ஃப்ளைவீல் மாதிரி கனமான ஐட்டத்துக்குக் கூரியரே கண்ணைக் கட்டும். ஆகவே துண்டு துண்டாக வரவழைக்காமல் எல்லாவற்றையும் ஒரே பார்சலில் போடச் சொல்லுங்கள். கிளட்ச், பேரிங், சீல் விஷயத்தில் மலிவுச் சரக்குப் பக்கம் போகவே போகாதீர்கள். மிச்சம் பிடிக்க வேறு இடம் நிறைய இருக்கிறது.

வேலையைக் கோயம்புத்தூரில் ஒருவரிடம் கொடுத்தேன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கம் ரேஸ் வண்டிகளில் கைபழகியவர். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, கேம்லாக் டூல் இருக்கா?" என்பதுதான். பேரிங்கை இழுப்பதற்கு முன்னால் கிராங்க் ஷாஃப்டை டாப் டெட் சென்டரில், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கிற நிலையில் பூட்டி, கேம்ஷாஃப்ட் நகராமல் பிடித்து, செயின் டென்ஷனர்களைத் தளர்த்த வேண்டும். இதைச் செய்யாமல் இழுத்தால் ஷாஃப்ட் ஒரு பக்கம் சாய்ந்து டைமிங் தவறும், பேரிங்கைக் காப்பாற்றப் போய் இன்ஜினையே இழக்க நேரும். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து காட்டினார். "கழட்டுறதுக்கு முன்னாடி ஃபில்டரை அறுத்துப் பார்ப்போம் தம்பி, அதுல வேற மாதிரி இருந்தா உங்க காசை வீணாக்க மாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் விட்டேன்.

அந்த ஃபில்டர் சமாச்சாரத்தைப் பழைய பாக்ஸ்டரோ அந்தக் கால 911-ஓ வாங்கப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே கிண்ணத்துக்குள் காகித ஃபில்டர் இருக்கும். எடுத்து, கத்தியால் இரண்டு ஓரமும் அறுத்து, மடிப்புகளை வெள்ளைத் துணியில் நீளமாக விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கறுத்த ஆயிலுக்கு நடுவே மினுக்மினுக்கென்று தூள் தெரிகிறதா என்று. தெரிந்தால் காந்தத்தை ஒரு தாளில் சுற்றி மேலே ஓட்ட வேண்டும். காந்தத்தில் ஒட்டுகிற இரும்புத் துகள் என்றால் பேரிங் மேல் சந்தேகம், ஒட்டாத அலுமினியம் என்றால் வேறு இடம். கறுப்பு பிளாஸ்டிக் சில்லு கிடந்தால் அது பெரும்பாலும் செயின் ஓடுகிற வழித்தடத்தின் தேய்மானம். என்னுடையதில் காந்தத்தில் எதுவும் ஒட்டவில்லை. கழற்றிய பழைய பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தேன், கிரீஸ் எல்லாம் கழுவிப்போய் வெறும் ஆயில்தான் இருந்தது, ஆனால் ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. இன்னும் பல வருஷம் ஓடியிருக்கலாம், ஓடாமலும் போயிருக்கலாம். ஒரு பேரிங்குக்காக இன்ஜினைப் பணயம் வைக்க எனக்கு மனம் வராது.

நம் டெல்டாவில் இந்த மாதிரி வண்டி வைத்திருப்பதற்கென்று சில தனிப் பாடுகள் உண்டு. குறுவை, சம்பா அறுவடை நேரத்தில் ரோட்டில் நெல் காயும், அறுவடை மெஷின் ஓடும், காற்றில் பதரும் வைக்கோல் தூசியும் பறக்கும். பாக்ஸ்டருக்கு ரேடியேட்டர் முன் பம்பரின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, எஸ் மாடலுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்று. பக்கத்து ரேடியேட்டர்களுக்கு முன்னால் ஏசி கண்டென்ஸர், அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் பதர் போய் மெத்தை மாதிரி படிந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, மாசி முடிந்ததும் பம்பரைக் கழற்றிச் சுத்தம் பண்ணுங்கள். வடிகுழாய்க்கு நம்ம புல்வெட்டி மெஷினில் போடுகிற நைலான் கயிறு போதும், மேலிருந்து மெதுவாக விட்டு முன்னும் பின்னும் ஆட்டினால் அடைப்பு கழன்று வரும். கம்பியை விடாதீர்கள், குழாய் கிழியும். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வரும், ஷெட்டில் நிற்கிற வண்டியின் வயரைத்தான் முதலில் கடிக்கும், அதனால் வாரம் ஒரு முறையாவது வண்டியை வெளியே எடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வருவதற்கு வெகுகாலம் முன்னால் செய்த வண்டி இது என்பதால் ரப்பர் ஹோஸ்களை மாற்றியது எனக்கு நிம்மதி. அப்புறம் வேகத்தடை. பாபநாசம், அய்யம்பேட்டை வழியில் தெரிந்த தடைகளில் குறுக்காக ஏற்றி இறக்கலாம், ராத்திரியோடு ராத்திரியாகப் புதிதாக முளைத்த தடைக்கு ஒன்றும் செய்ய முடியாது. 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் ஆர்சி புதுப்பித்த தேதியையும் பார்த்துவிடுங்கள், அதற்குமேல் ஐந்தைந்து வருஷமாகத்தான் தருவார்கள்.

அடுத்து எனக்கு வரப்போகிற செலவு கூலன்ட் டேங்க். பின் டிக்கியை ஒட்டி இருக்கிற பிளாஸ்டிக் தொட்டி, வயசானால் விரிசல் விட்டுக் கசியும். கத்திரி வெயிலுக்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்று ஆர்டர் போட்டிருக்கிறேன், பணம் அந்தத் தனிக் கணக்கில் இருக்கிறது. பேரிங் கழற்றுகிற டூல் செட்டும் கேம்லாக்கும் எனக்கென்று ஒரு செட் வாங்கி வைத்துவிட்டேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இதே இன்ஜின் வைத்திருக்கிறவர்கள் யாராவது கிளட்ச் வேலைக்கு இறங்குவதாக இருந்தால் சொல்லுங்கள், வாடகை எதுவும் வேண்டாம், வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவித் திருப்பிக் கொடுத்தால் போதும்.